பனி என்னும் சொல்லும் நுண்ணலைக் கருவியின் துல்லியமும்

செரண்டாவில் பனி பெய்யுமா என்று மாணவர் ஒருவரைக் கேட்போமாயின், விடியற்காலையில் செம்பனை ஓலைகளை நனைத்திருப்பதைச் சுட்டிக்காட்டிப் ‘பெய்யும்’ என்பார். மலாய்ப் பாடநூலில் ‘சல்ஜி’ என்று படித்ததை நினைவிற்கொண்ட மற்றொருவர் ‘பெய்யாது’ என்பார். இருவர் கூற்றும் சரியே. முதலாமவர் சொன்னது மலாயில் ‘எம்புன்’. இரண்டாமவர் மறுத்தது ‘சல்ஜி’. தமிழிலோ இரண்டிற்கும் பனி என்னும் ஒரு சொல்லையே பெரிதும் வழங்குகிறோம். முன்பனி, பின்பனி எனப் பண்டைத் தமிழர் பகுத்த பருவங்களும் குளிரையும் திவலையையும் சார்ந்தவை. உறைந்து விழும் வெண்பனியைக் குறிப்பவை அல்ல.

செய்யுளில் இவ்வொரு சொல் இடர்ப்பாடு தருவதில்லை. அறிவியலில் தருகிறது. ‘பனிப்பொழிவின்போது நுண்ணலைத் தொலையுணர்வின் துல்லியம் குறையுமா?’ என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். எந்தப் பனி என்று தெளிவுறுத்தாமல் இதற்கு விடை கூற இயலாது. அதனை இங்கு விளக்க முயல்வோம்.

கருவி செய்வது யாது?

தரையில் நிறுத்தப்படும் நுண்ணலைக் கதிர்வீச்சுமானி, ரேடாரைப் போல அலையை அனுப்பி எதிரொலிப்பைப் பெறுவதன்று. வளிமண்டலம் இயல்பாகவே உமிழும் மெல்லிய நுண்ணலைகளை அது வாளாவிருந்து ஏற்கிறது. நீராவி 22 கிகாஹெர்ட்சை ஒட்டியும், ஆக்சிசன் 60 கிகாஹெர்ட்சை ஒட்டியும் சிறப்பாக உமிழ்கின்றன. முன்னதிலிருந்து ஈரப்பதத்தையும், பின்னதிலிருந்து வெப்பநிலையையும், உயரத்திற்கு உயரம் கணித்தறியலாம். பலூனில் கட்டி விடப்படும் கருவி பெரும்பாலான நிலையங்களில் நாளுக்கு இருமுறையே மேலெழும்; கதிர்வீச்சுமானியோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை வானத்தைப் படிக்கும். அதன் பயன் இதுவே.

தெளிந்த வானத்தில் அது தரும் வெப்பநிலை, தரையை ஒட்டி ஏறத்தாழ ஒரு பாகைப் பிழைக்குள் அமையும். உயரம் கூடக்கூடப் பிழை ஓரிரு பாகையாக வளரும்; நுண்ணிய அடுக்குகளைப் பிரித்துக் காட்டும் திறனும் குன்றும்.

பிழை எங்கிருந்து வருகிறது?

நீரும் பனிக்கட்டியும் ஒரே பொருளின் இரு நிலைகளே. ஆயினும் நுண்ணலைக்கு அவை முற்றிலும் வேறானவை. நீர் நுண்ணலையை வலுவாக உட்கொள்ளும்; உட்கொள்வது எதுவோ அது உமிழவும் செய்யும். பனிக்கட்டியோ மிகச் சிறிதளவே உட்கொள்ளும். எனவே உலர்ந்த வெண்பனி வானத்தில் விழும்போது, மேற்கூறிய அலைவரிசைகளில் கருவி பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. 90 கிகாஹெர்ட்சிற்கு மேற்பட்ட உயர் அலைவரிசைகளில் மட்டும் பனித்துகள்கள் அலையைச் சிதறடிப்பது பொருட்படுத்தத்தக்கதாகிறது.

இடர் விளைவது அப்பனி உருகும்போதுதான். கருவியின் மேலுறைமீது விழுந்து உருகிய பனி, மெல்லிய நீர்ப்படலமாகப் படிகிறது. அப்படலத்தின் உமிழ்வும் வானத்தின் உமிழ்வோடு கலந்துவிட, கருவி வானம் உண்மையில் இருப்பதைவிட வெப்பமாகவும் ஈரமாகவும் இருப்பதாகக் காட்டுகிறது. நனைந்த மூக்குக்கண்ணாடி வழியே உலகைப் பார்ப்பவர் நிலை இது.

இதற்குத் தீர்வுகள் உள. நீர் ஒட்டாத பூச்சைப் பூசுவர். விசிறியால் காற்றை ஊதி உலர்த்துவர். நேர் உச்சியை நோக்காமல், தொடுவானத்திலிருந்து 15 பாகை உயரத்தில் சாய்த்து நோக்கச் செய்வர். சாய்ந்த பார்வையில் படலத்தின் தாக்கம் குறைவதால் மழையிலும் பனியிலும் பிழை தணிகிறது. 2010ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளின்போது கனடாவில் இவ்வகைக் கருவி பயன்பட்டது. ஈரப்பனியும் மழையும் மாறிமாறிப் பெய்யும் அம்மலைப்பகுதி அதற்குத் தக்க சோதனைக்களமாயிற்று.

நமக்கு இதனால் என்ன?

திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கியில் இந்தியத் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இயங்குகிறது. வெண்பனி காணாத அவ்விடத்திலும் கதிர்வீச்சுமானி கொண்டு ஆய்ந்துள்ளனர். கடும் இடிமழைக்கு 2 முதல் 4 மணி நேரம் முன்னரே வளிமண்டல நிலைப்புத்தன்மையைக் காட்டும் அளவுகள் சட்டென மாறுவதை 2013இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. நாளுக்கு இருமுறை எழும் பலூன் இம்மாற்றத்தைத் தவறவிடக்கூடும்.

பிற்பகல் இடிமழை வட சிலாங்கூருக்குப் புதிதன்று. பெரட்டில் நின்று வானத்தைப் பார்த்தே அன்றைய பால்வெட்டு உண்டா இல்லையா என்று கணித்த தலைமுறையினர் நம் முன்னோர். 2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலி அருகே நிகழ்ந்த நிலச்சரிவில் 31 பேர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. ஒரு கருவி மட்டும் அத்தகைய துயரைத் தடுத்துவிடும் என்று கூறோம். மழையைச் சரியாக அளப்பதும் சரியாகச் சொல்வதும் உயிர்காக்கும் பணியின் தொடக்கம் என்பதே நம் கருத்து.

இன்னும் ஒன்றுண்டு. செரண்டாவில் நெடுநேரம் சீராகப் பெய்யும் மழை, பெரும்பாலும் வானில் பனியாகவே பிறக்கிறது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்லும். அங்கிருந்து விழும் வெண்பனி அவ்வெல்லையைக் கடந்ததும் உருகத் தொடங்கி நீர்ப்போர்வை பூணும். ரேடார்ப் படத்தில் அவ்விடம் ஒளிமிக்க பட்டையாகத் தோன்றும். கருவியின் மேலுறையில் பிழைக்குக் காரணமான அதே நீர்ப்படலமே இங்கும் வேலை செய்கிறது. ஆகவே ‘செரண்டாவில் பெய்யாது’ என்ற மாணவரின் விடை தரைக்குப் பொருந்தும். தலைக்கு மேலுள்ள வானத்திற்குப் பொருந்தாது.

சொல்லின் துல்லியம்

இங்கு மொழியாசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. இலையில் திரள்வதைப் பனித்துளி என்றும், நிலத்தை மறைப்பதை மூடுபனி என்றும், வானிலிருந்து உறைந்து விழுவதை வெண்பனி என்றும், கட்டியாக விழுவதை ஆலங்கட்டி என்றும் வகுப்பறையில் பிரித்து வழங்குவோம். வெண்பனியையும் உலர்பனி, ஈரப்பனி எனப் பகுத்துக்கொள்வோம். உலர்பனியில் கருவியை நம்பலாம். ஈரப்பனியில் ஐயுற்று நோக்கவேண்டும் என்று அப்போது ஒரே தொடரில் விடை கூறிவிடலாம். இச்சொற்கள் புதியன அல்ல. தமிழின் வேர்களிலிருந்தே எழுவன. வேறுபாட்டை உணர்ந்து ஆளும் பழக்கமே நமக்குத் தேவை. அளவுகோல் நனைந்தால் அளவு பிழைக்கும். சொல் மயங்கினால் அறிவு பிழைக்கும்.