அறைக்குள் வளரும் கீரை ஏன் சிவப்பதில்லை?

2015 ஆகஸ்ட் 10 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் அங்கேயே விளைந்த சிவப்பு லெட்யூஸ் கீரையைத் தின்று பார்த்தார்கள். கொஞ்சம் வெறுமனே, கொஞ்சம் எண்ணெயும் வினிகரும் விட்டு. 'வெஜ்ஜி' என்ற அந்தக் குட்டித் தோட்டத்துக்கு வெயில் கிடையாது. சிவப்பு, நீலம், பச்சை எல்.இ.டி. விளக்குகள்தான். இதில் பச்சை விளக்கு பெரும்பாலும் மனிதர்களுக்காக. மற்ற இரண்டு மட்டும் எரிந்தால் இலை கருத்துத் தெரியும். வாயில் வைக்க மனம் வராது.

செடிக்கு வேண்டியவை அந்த மற்ற இரண்டும். சுமார் 660 நானோமீட்டர் சிவப்பொளி ஒளிச்சேர்க்கைக்கு மிக ஏற்றது. ஆனால் அதை மட்டுமே கொடுத்தால் காம்பு நீண்டு, இலை வெளிறிப்போகும். நீல ஒளி சேர்ந்தால்தான் செடி கட்டுக்குட்டாக நிற்கும்.

நிறத்தின் கதை இன்னும் சுவையானது. லெட்யூஸுக்குச் சிவப்பைத் தருவது ஆந்தோசயனின். கடும் வெயிலிலிருந்து இலை தன்னைக் காத்துக்கொள்ளப் பிடிக்கும் குடை அது. நீல ஒளியைக் கிரிப்டோகுரோம் என்ற புரதமும், புறஊதா-பி கதிரை யூவிஆர்8 என்ற புரதமும் உணர்ந்து, 'வெயில் ஏறுகிறது' என்று சேதி சொன்ன பிறகே குடை விரியும். இந்த ஒளிகள் குறைவாக உள்ள சுகமான அறையில் அந்தச் சேதி போதிய அளவு வருவதில்லை. செடி ஏன் வீண்செலவு செய்யப் போகிறது? சிவப்பு ரக விதை போட்டும் பச்சைக் கீரை வந்து நிற்பது இதனால்தான்.

வாசனையிலும் இதே கதை. பேசில், அதாவது நம் திருநீற்றுப்பச்சிலை, புறஊதா-பி பட்டால் இலையில் நறுமண எண்ணெயைக் கூட்டிக்கொள்கிறது. சாதாரணக் கண்ணாடியோ அந்தக் கதிரை உள்ளே விடுவதில்லை.

சரி, நீலத்தை அள்ளிக் கொட்டலாமே என்றால், இலை சிறுத்து எடை குறையும். கீரை விற்பவருக்கு எடைதான் காசு. விளக்கு எரிக்க மின்கட்டணம் வேறு. அதனால் முதலில் சிவப்பு மிகுந்த ஒளியில் இலையைப் பெருக்கவிட்டு, அறுவடைக்குச் சில நாள் முன்பு மட்டும் நீலத்தை ஏற்றும் முறை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது: செடியைக் கடைசியில் கொஞ்சம் மிரட்டுவது!

'எல்.இ.டி.யில் விளைந்தது, சத்து அதிகம்' என்ற விளம்பரத்தை மட்டும் நான் உடனே நம்பமாட்டேன். எந்த ரகம், எந்த ஒளி, எத்தனை நாள் என்று கேட்பேன். அதே நீல விளக்கின் கீழ் பச்சை லெட்யூஸை வைத்தால், அது சிவப்பு ரகம்போல் சிவக்காது.