ஆறு கடலில் சேரும் இடம் வரை: ஒரு பயணத் திட்டம்



எங்கள் பத்தமடைப் பகுதியைச் சேர்ந்த ஒருவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். தம் பெற்றோரை ஸ்பெயின் நாட்டுக்கு அழைத்துச் சென்று, புனித பிரான்சிஸ் சவேரியார் பிறந்த கோட்டையைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பயணத் திட்டத்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். நான் அந்த நாட்டை மிதித்ததில்லை. குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்ததோடு சரி. இருந்தாலும் புத்தகங்களைப் புரட்டியும், அங்கே போய் வந்த குருக்களிடம் விசாரித்தும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

பம்பலோனா நகரில் தங்குங்கள்; சவேரியார் கோட்டை அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஜூலை 6 முதல் 14 வரை அங்கே காளைகளை ஓடவிடும் திருவிழா, அப்போது போனால் அறை கிடைப்பது கடினம். மார்ச் மாதத்தில் மக்கள் கோட்டைக்கு நடந்தே திருப்பயணம் போவார்கள், அதைப் பார்க்கலாம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. வயதானவர்களுக்குப் பசி தாங்காது, கையில் ஏதாவது வைத்திருங்கள். பிற்பகலில் பல கடைகள் மூடிக் கிடக்கும். 1521-ஆம் ஆண்டு மே 20 அன்று பம்பலோனாவைக் காக்கப் போரிட்டபோதுதான் புனித இஞ்ஞாசியார் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் ஒடிந்தார்; சவேரியாரின் அண்ணன்மார் அந்தப் போரில் எதிரணியில் நின்றார்கள். இதையெல்லாம் எழுதினேன். அவர்களும் நல்லபடியாகப் போய் வந்து, ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு பங்கு இல்லத்தில் படங்களைக் காட்டினார்கள்.

படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சி என் பக்கம் திரும்பினார். "அம்புட்டுத் தூரம் நமக்கு ஏலாது சாமி. நான் பொறந்ததுல இருந்து இந்த ஆத்துலதான் குளிக்கேன். இது கடல்ல சேருத எடத்த ஒருக்கா பாக்கணும். கூட்டிட்டுப் போவீங்களா?" என்றார்.

சரி என்றேன். அன்பியங்களில் அறிவித்தோம், பேருந்து நிறைந்துவிட்டது. அந்தப் பயணம் எப்படிப் போனது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் பதினோரு இடங்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அதையும் பார்த்துவிடலாமே" என்று ஒவ்வொருவர் சொன்னதையும் நான் சேர்த்துக்கொண்டே போனேன். மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. வழியில் ஏதோ ஒரு கடையில் பெயரை மட்டும் பார்த்து வாங்கிய அல்வா வீட்டுக்கு வந்ததும் கல்லாகிவிட்டது. ஏறி இறங்கியே முழங்கால் நொந்துபோன ஆச்சி பிற்பகல் முழுவதும் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தார். இருட்டிவிட்டதால் புன்னைக்காயலை விட்டுவிட்டுத் திரும்பினோம். அவர் கேட்டது அந்த ஓர் இடம்தான். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஸ்பெயினுக்கு அவ்வளவு கவனமாகத் திட்டம் போட்டவன், சொந்த ஆற்றங்கரைக்குத் திட்டமே போடவில்லை.

இரண்டாம் முறை போட்ட திட்டத்தைத்தான் இங்கே விளக்குகிறேன். மற்றப் பங்குகளில் சுற்றுலா ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் உதவலாம்.

முதலில் காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், தொடர்வண்டிப் பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கித் தவித்ததும் நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். தை, மாசியே நல்லது, வெயிலும் ஏறியிருக்காது. மாசி பிறந்துவிட்டால் பனங்காட்டுப் பக்கம் பதநீரும் கிடைக்கத் தொடங்கும். தூத்துக்குடிப் பேராலயத்தை அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் ஆகஸ்ட் 5-ஐ ஒட்டிய திருவிழா நாட்களைத் தவிர்க்க வேண்டும். விழாவையே பார்க்க வேண்டுமென்றால் அது தனிப் பயணம்.

அடுத்து, எதை நூலாகப் பிடித்துக்கொண்டு போவது? ஆற்றைத்தான். பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணி, நாம் பார்ப்பதையும் உண்பதையும் பெரும்பாலும் தானே உண்டாக்கியிருக்கிறது. கோரையும் அல்வாவும் முதுமக்கள் தாழியும் முத்துத் துறைமுகமும் தனித்தனிச் செய்திகள் அல்ல. இது பிடிபட்டவுடன் பதினோரு இடங்கள் ஐந்தாகக் குறைந்தன, ஒரு நாள் இரண்டாயிற்று.

முதல் இடம் எங்கள் ஊரே. சிரிக்காதீர்கள். பத்தமடைப் பாய் என்று உலகமே சொல்கிறது. எங்கள் மக்களில் பாதிப்பேர் அது நெய்யப்படுவதை நின்று பார்த்ததில்லை. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஒரு நெசவுக்காரர் வீட்டு முற்றத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். இந்தத் தொழிலைத் தலைமுறைகளாகக் காத்துவருபவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்தினர். ஆற்றோரத்துக் கோரையைப் பச்சையாக அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மயிரிழை போலக் கிழிக்கிறார்கள். பாவுக்குப் பருத்தி நூல். சாதாரணப் பாய்க்கு நூல்கள் குறைவு, பட்டுப்பாய்க்கு நூறுக்கும் மேல் நெருக்கிக் கட்டுவார்கள். மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் நமக்குத் தெரிந்ததே. நேர்த்தியான பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் உழைப்பு செல்கிறது. விலையைக் கேட்டுவிட்டு "இவ்வளவா?" என்று வாய்திறந்த நம்மவர் ஒருவர், அந்த அம்மா ஒரு விரற்கடை நெய்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரம் பேசவில்லை. அன்று வாங்கிய சாதாரணப் பாய்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டோம். அவை எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

திருநெல்வேலியை முதல் நாள் காலையில் கடந்துதான் போனோம், நிற்கவில்லை. சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டி 1843-இல் திறக்கப்பட்ட ஆற்றுப் பாலத்தில் பேருந்தை மெதுவாக ஓட்டச் சொன்னேன். பாளையங்கோட்டையில் நம் சவேரியார் பேராலயத்தில் சிறு செபம், காலை உணவு. அவ்வளவுதான். நகரத்தை ஏன் ஒதுக்கினேன் என்றால், அதன் நேரம் மாலை. நெல்லையப்பர் கோயில் பிற்பகலில் நடை சாத்தியிருக்கும். அதன் எதிரே உள்ள இருட்டுக்கடை மாலை ஐந்தரை மணியளவில்தான் திறக்கிறது. சில மணி நேரத்தில் அல்வா தீர்ந்துவிடும். காலையில் போய் நிற்கிறவர்கள்தான் வேறு எங்கோ வாங்கி ஏமாறுகிறார்கள். ஊரின் நேரத்துக்கு நாம் வளைய வேண்டும். ஸ்பெயின்காரரின் மதியச் சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு அக்கறையாக எழுதிய எனக்கு இது முதல் முறை தோன்றவில்லை!

ஆகவே நகரம் இரண்டாம் நாள் மாலைக்கு, திரும்பும் வழியில். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கைவிடாமல் கிண்டுவது அல்வா. அந்தச் சுவைக்கு ஆற்றுத் தண்ணீரே காரணம் என்று நெல்லைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். நான் வாதாடுவதில்லை. வாழையிலையில் சூடாக வாங்கி, தெருவில் நின்றபடியே உண்ண வேண்டும்; வீட்டுக்கு வாங்குவது அதன் பிறகு.

முதல் நாள் முற்பகலை ஆதிச்சநல்லூருக்கு முழுதாகக் கொடுத்தோம். நெல்லையிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். 114 ஏக்கர் பரம்பு முழுவதும் நம் முன்னோரின் இடுகாடு. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ பல ஆண்டுகள் அகழ்ந்தார். 2004-இல் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. இப்போது அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடி பதித்து, தாழிகள் கிடந்த இடத்திலேயே அவற்றைப் பார்க்க வகைசெய்திருக்கிறார்கள். தாழிகளுக்குள் இரும்பும் வெண்கலமும் பொன் நெற்றிப்பட்டமும் இருந்தன, உமியும் இருந்தது. இறந்தவர் பசியோடு போகக் கூடாது என்று சோறோ நெல்லோ வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்ட பெண்கள் கண்ணாடி மேல் வெகுநேரம் குனிந்து நின்றார்கள். கல்லறைத் திருநாளன்று நாம் மெழுகுதிரி ஏற்றுவது அவர்கள் நினைவுக்கு வந்திருக்கும் என நினைக்கிறேன்.

மதியச் சாப்பாடு ஆத்தூர்ப் பக்கம், முன்பே சொல்லிவைத்த ஒரு மண்டபத்தில், சரியாகப் பன்னிரண்டரைக்கு. சோறு, மீன் குழம்பு, அப்பளம். கழிப்பறை வசதியைப் பார்த்தே அந்த இடத்தைத் தேர்ந்தோம். சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆண்கள் இதை மறந்துவிடுகிறோம். அதற்காகப் பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். ஆற்றுப் பாசனத்தில் விளையும் ஆத்தூர் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. ஆச்சி ஒரு கவுளி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். சாப்பிட்ட பிறகு மூன்று மணிவரை எல்லாரும் படுத்தோம், பத்தமடைப் பாய்களில்.

இரவு தங்கல் தூத்துக்குடியில், அதே பாய்களில். மறுநாள் காலைத் திருப்பலி பனிமய மாதா பேராலயத்தில். இப்போதுள்ள ஆலயம் 1713-இல் எழுந்தது. மாதாவின் திருவுருவம் அதற்கும் முன்பே கப்பலில் வந்தது. பிறகு மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, இவ்வளவே. ஐரோப்பாவில் பாதாம் போடுவார்கள், இங்கே முந்திரி. அந்த முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரத்தின் கொட்டைதான். விரல் பட்டாலே நொறுங்கும் பண்டம். மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள், இருக்கைக்கு அடியில் வைத்தால் தூள்தான் மிஞ்சும்.

நடுவில் வரவேண்டிய புன்னைக்காயலைக் கடைசிக்கு நிறுத்தியிருக்கிறேன். முதல் நாள் நான்கு மணிக்கு அங்கே சேர்ந்தோம். வழியில் பேருந்திலேயே ஒன்றை விளக்கினேன். ஆற்று முகத்தில் இருந்த பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகியது. கொற்கை இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூர். அடுத்துத் துறைமுகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ வந்து வியந்த காயல் அதுவே என்று கால்டுவெல் கண்டு சொன்னார். அங்கேயும் மண் மேடிட்டபோது புன்னைக்காயல். ஒரே ஆறு மூன்று துறைமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆக்கியும் அழித்தும் வைத்திருக்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், 1544-இல் புன்னைக்காயலிலிருந்து தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ்நூலை அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் நெடுங்காலம் பணியாற்றியதும் இந்த ஊரில்தான். பம்பலோனாவுக்கு அருகே பிறந்த ஒருவர் நடந்த மணலுக்கு, எங்கள் வீட்டு வாசல் ஆறு எழுபது எண்பது கிலோமீட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

முகத்துவாரத்துக்குப் படகில் போகலாமா என்று ஊர்க்காரர்களைக் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே ஏறினோம். ஆச்சியை இரண்டு இளைஞர்கள் தூக்கி உட்காரவைத்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் கையை நீட்டித் தண்ணீரை அள்ளி வாயில் விட்டு, முகத்தைச் சுளித்தார்.

"கரிக்கே. ஆத்தத் தாண்டிட்டமா?"

"இல்ல ஆச்சி, இது ஆறுதான்" என்றார் படகுக்காரர். "மேல ஸ்ரீவைகுண்டத்துலதான் கடைசி அணை. அத வழிஞ்சு வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி. இல்லேன்னா கடல்தான் உள்ள ஏறும்."

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அலையாத்தி மரங்களைத் தாண்டி, மணல் திட்டைத் தாண்டி, ஆற்றின் நிறமும் கடலின் நிறமும் கலக்கும் இடம் தெரிந்தது. படகைக் கரையில் ஒதுக்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. வெற்றிலையை எடுத்து மடித்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்திருந்தார். நேரமாகிவிட்டது என்று ஓட்டுநர் இரண்டு முறை ஒலிப்பானை அடித்தார். நான் போய் அவருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.