அடுத்தது யார்?

கணினியில் எந்நேரமும் நூற்றுக்கணக்கான பிராசஸ்கள், அதாவது தொடங்கிவைத்த புரோகிராம்கள், இருக்கும். பெரும்பாலானவை தூக்கத்தில்: ஒன்று கீபோர்டில் விரல் படக் காத்திருக்கும், இன்னொன்று டிஸ்கிலிருந்து தகவல் வர. யாருக்கு சிபியு என்று முடிவெடுக்கும் ஷெட்யூலருக்கு இவற்றால் தொல்லை இல்லை. ஓடத் தயாராக சிபியுவுக்கு நிற்பவைதான் கூட்டம். அது பத்திலிருந்து பத்தாயிரமானால், அடுத்தது யார் என்று முடிவெடுக்கவே எவ்வளவு நேரம் போகும்?

லினக்ஸ் 2.4 கெர்னலில் நிறையவே போனது. ஓடத் தயாராக நிற்கும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகம் வாங்கியதைக் கூப்பிடும். டோக்கன் இல்லாத கிளினிக்கில், ஒரு நோயாளி வெளியே வந்ததும் கம்பவுண்டர் மொத்தக் கூட்டத்தையும் மறுபடி விசாரிக்கிற மாதிரி. போதாததற்கு, சிபியு எத்தனை இருந்தாலும் வரிசை ஒன்று, அதைக் காக்கும் பூட்டும் ஒன்று.

கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னாரின் புதிய ஷெட்யூலர் 2003 டிசம்பரில் 2.6 கெர்னலோடு வெளிவந்தது. சிபியுவுக்குத் தனித்தனி வரிசை. அதில் 140 முன்னுரிமைப் படிகள். எந்தப் படியில் ஆள் உண்டு என்று காட்டப் படிக்கொரு பிட். முதல் ‘1’ எங்கே என்று பார்த்தால் தேடல் முடிந்தது; பத்தோ பத்தாயிரமோ, ஒரே நேரம்தான்.

வேகம் சரி, நியாயம்தான் உதைத்தது. தூங்கிய நேரத்தை வைத்து, எது நம் கண்முன் இருக்கும் புரோகிராம் என்று அது ஊகித்தது. ஊகம் பிசகினால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். ஊகமே வேண்டாம், சமமாகப் பங்கிட்டாலே போதும் என்று எழுதிக்காட்டினார் கான் கோலிவாஸ். தொழிலால் அவர் மயக்க மருந்து மருத்துவர்! அந்த எண்ணத்தைத் தொட்டு 2007-ல் மோல்னார் கொண்டுவந்ததுதான் சிஎஃப்எஸ் என்ற ‘முழுக்க நியாயமான ஷெட்யூலர்’. ஒவ்வொரு பிராசஸும் ஓடிய நேரத்தை நானோ விநாடியில் கணக்கு வைத்து மரமாக அடுக்கும். இடது ஓரத்தில் இருப்பது மிகக் குறைவாக ஓடியது, அதற்கே அடுத்த முறை. மரத்தில் இடம் பிடிக்க ஆயிரம் பிராசஸுக்குச் சுமார் 10 படி, பத்து லட்சத்துக்கு 20. காகிதக் கணக்கில் இது முந்தையதைவிட மெதுவானது. ஆனாலும் 2023 வரை அதுவே நிலைத்தது. அது சரியான தேர்வு என்றே சொல்வேன்.

ஏனென்றால் கூட்டம் பெருகும்போது கடிப்பது தேடல் அல்ல, காத்திருப்பு. எட்டு கோர் கணினியில் சிஎஃப்எஸ் ஒரு முறைக்குக் குறைந்தது 3 மில்லி விநாடி தர முயன்றது. சிபியு தின்னும் ஆயிரம் பிராசஸ்கள் ஒரே கோரில் சேர்ந்தால், ஒரு சுற்று வர 3 விநாடி. இந்த நேரத் துண்டை இன்னும் சிறிதாக்கலாம்தான். அப்போது ஆள் மாற்றுவதிலும், மாறியதும் சிபியுவின் கேஷ் நினைவகத்தை மறுபடி நிரப்புவதிலுமே நேரம் கரையும். என்ஜின்எக்ஸ் போன்ற வலை சர்வர்கள் இணைப்புக்கொரு பிராசஸ் வைக்காமல், வழக்கமாகக் கோருக்கு ஒன்று வைத்து, அதிலேயே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிப்பது இதனாலும்தான்.