பெட்டி சிறுத்தது, பாட்டு பெருத்தது!

வீட்டில் கூடம் ஒன்றுதான். அப்பா பத்திரிகை படிப்பது அங்கே. குழந்தைகள் பாடம் எழுதுவது அங்கே. விருந்தாளி வந்தால் உட்காருவதும் அங்கேதான். அந்தக் கூடத்தில் நெல் பத்தாயம் போன்ற ஒரு பெட்டியைக் கொண்டு வந்து இறக்கி, "இது சங்கீதம் கேட்க!" என்றால் வீட்டுக்காரி என்ன சொல்லுவாள்?

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சங்கீதப் பிரியர்களின் வீடுகளில் இருந்த சிக்கல் இது. நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு 1948-ல் வந்துவிட்டது. பெரிய வாத்தியக் கோஷ்டியின் முழக்கம் முழுவதும் அதில் இருந்தது. ஆனால் அதை அப்படியே கேட்க நல்ல ஒலிபெருக்கி வேண்டும். நல்ல ஒலிபெருக்கி என்றால் பெரிய பெட்டி!

ஏன் பெரிய பெட்டி?

ஒலிபெருக்கியில் பாடுவது ஒரு காகிதக் கூம்பு. அதன் அடியில் கம்பிச் சுருளும் காந்தமும் இருக்கும். மின்சாரம் பாயப் பாயக் கூம்பு முன்னும் பின்னும் அசையும். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிப் பொறியாளர்கள் ரைஸ், கெல்லாக் என்ற இருவரும் 1925-ல் விளக்கிய அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான ஒலிபெருக்கிகள் இப்படித்தான் பாடுகின்றன.

கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது அல்லவா? அந்தப் பின் அலை சுற்றிக்கொண்டு வந்து முன் அலையைத் தின்றுவிடும். முதலில் காணாமல் போவது கீழ்ச் சுருதி. மிருதங்கத்தில் தொப்பி ஓய்ந்து வலந்தலை மட்டும் கேட்பது போல் ஆகிவிடும். ஆகவே கூம்பின் பின்புறத்தைப் பெட்டியில் அடைத்தார்கள். பெட்டி சிறிதானால் உள்ளே உள்ள காற்று விறைத்துக்கொண்டு கூம்பை அசைய விடாது. அதனால்தான் பத்தாயம்!

மூலையைக் கொடு!

பால் கிளிப்ஷ் என்பவர் வேறு வழி கண்டார். அர்க்கன்சாஸ் மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் 1946-ல் தொழில் தொடங்கியவர் அவர். அவருடைய ஒலிபெருக்கியை அறையின் மூலையில் வைக்க வேண்டும். நாகசுரத்தின் அணசு போல விரியும் ஒரு குழல் பெட்டிக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழலின் கடைசிப் பகுதி எது தெரியுமா? உங்கள் வீட்டுச் சுவர்கள் இரண்டும்தான்!

சில வாட் மின்சாரம் கொடுத்தால் போதும், வீடு அதிரும். ஆனால் உயரம் 4 அடிக்கு மேல். கதவும் ஜன்னலும் இல்லாத மூலை ஒன்றை அதற்கே எழுதி வைத்துவிட வேண்டும்.

மெத்தைத் துணி

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு பற்றிப் பாடம் நடத்தி வந்தவர் எட்கர் வில்சூர். எல்லோரும் பெட்டிக் காற்றை எதிரியாகப் பார்த்தபோது, அவர் அதை வேலைக்காரனாகப் பார்த்தார்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். விட்டதும் அது திரும்பி எழும். அடைபட்ட காற்று ஒரு வில்! அப்படியானால் கூம்பின் விளிம்பில் விறைப்பான பிடிப்பு எதற்கு? அதைத் தளர்த்திவிட்டு, கூம்பைத் திருப்பித் தள்ளும் வேலையைக் காற்றிடமே ஒப்படைத்துவிட்டார். காற்று வில் ஒரே சீராக வேலை செய்வதால் ஒலியில் கரகரப்பும் குறைந்தது.

சோதனைக்குப் பழைய ஒலிபெருக்கி ஒன்றின் விளிம்பை வெட்டி எறிந்தார். அந்த இடத்தில் வைத்தது மெத்தைக்கு உறை தைக்கும் துணி. அதற்கு அளவு வரைந்து உதவியவர் மனைவி ரோஸ்மேரி. ஆக, பெட்டி சிறுத்ததில் ஒரு வீட்டுக்காரியின் கையும் உண்டு.

மாணவர் ஹென்றி கிளாஸுடன் சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியை 1954-ல் தொடங்கினார். முதல் ஒலிபெருக்கி ஏ.ஆர்.1. நீளம் 25 அங்குலம், உயரம் 14 அங்குலம், ஆழம் 11 அங்குலச் சொச்சம். விலை 185 டாலர். புத்தக அலமாரித் தட்டில் படுக்க வைக்கலாம். பத்தாயத்தின் கீழ்ச் சுருதி அதிலிருந்து வந்தது!

இனாமாக எதுவும் வராதே. கிளிப்ஷின் பெட்டிக்குச் சில வாட் போதும். இதற்குப் பல மடங்கு வேண்டும். இடத்தில் மிச்சம் பிடித்ததை மின்சாரத்தில் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒன்று இரண்டானது

1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தன. இப்போது ஒலிபெருக்கி இரண்டு வேண்டும். ஒரு பத்தாயத்துக்கே முகம் சுளித்த வீட்டில் இரண்டா? சிறிய பெட்டிக்கு நல்ல காலம் பிறந்தது. அதே ஆண்டில் ஏ.ஆர்.3 வந்தது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற வயலின் கோஷ்டியை மேடையில் ஏற்றிப் பந்தயம் போலக் காட்டினார்கள். நடுவில் கோஷ்டியினர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வில்லை மட்டும் அசைப்பார்கள், ஒலிபெருக்கி வாசிக்கும். எப்போது மாறியது என்று சபையில் பலருக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1957-ல் பெட்டியே இல்லாத குவாட் ஒலிபெருக்கியை விற்பனைக்குக் கொண்டு வந்தார். கூம்புக்குப் பதில் மெல்லிய சவ்வு. குளிர்நாட்டு வீடுகளில் வைக்கும் கணப்புக் கருவி போன்ற தோற்றம். குரல் தெளிவுக்கு நிகரில்லை என்று பெயர் வாங்கியது. ஆனால் பின்பக்கமும் பாடுவதால் சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். பெட்டி போயிற்று, நடக்கும் வழியும் போயிற்று!

இன்னொரு குறையும் உண்டு. ஸ்டீரியோவின் முழுச் சுகம் இரண்டு பெட்டிக்கும் நடுவே நேர் எதிரில் உட்காருபவருக்குத்தான். மற்றவர்களுக்கு? வங்காளியின் மகனான அமெரிக்கப் பேராசிரியர் அமர் போஸ் 1968-ல் கொண்டு வந்த 901-ல் ஒன்பது ஒலிபெருக்கிகள் இருந்தன. முன்னால் ஒன்று, பின்னால் எட்டு, சுவரைப் பார்த்து. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுவதும் பரவும் என்பது அவர் கட்சி. வயலின் எந்தப் பக்கம் என்று விரல் நீட்டிக் காட்ட முடியவில்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு.

வாங்கப் போகிறீர்களா?

பாட்டி தூங்கும் வீட்டில் மெதுவாகத்தான் வைக்க முடியும். ஒலி தணியும்போது காது முதலில் இழப்பது கீழ்ச் சுருதியை. எனவே கடைக்காரர் முழங்க விடுவதைக் கேட்டு மயங்க வேண்டாம். வீட்டில் வைக்கும் அளவுக்குக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்று கிடைக்கும் சிறு பெட்டிகள் பலவற்றில் ஒரு துளை இருக்கும். துளை பின்புறம் இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. அலமாரித் தட்டுக்கு மூடிய பெட்டியே சௌகரியம். மூலையில் தள்ளினால் கீழ்ச் சுருதி வீங்கும். பக்கத்து வீட்டுக்கு முதலில் போய்ச் சேருவதும் அதுதான்.

கிளிப்ஷின் மூலைப் பெட்டி என்ன ஆயிற்று என்கிறீர்களா? 2020-களிலும் அது விற்பனையில் இருக்கிறது. இரண்டு மூலைகள் காலியாக உள்ளவர்கள் வாங்குகிறார்கள்.