பிள்ளையின் மூக்கில் ஒரு கண்ணாடி

"இன்னும் பேச்சே வரவில்லை, அதற்குள் கண்ணாடியா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இயல்புதான். ஆனால் பார்ப்பது கண் மட்டும் செய்யும் வேலை இல்லை. மூளையும் பார்க்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் ஏறத்தாழ 7, 8 வயதுக்குள் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. அதுவரை ஒரு கண்ணிலிருந்து மங்கலான உருவமே போய்க்கொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணையே ஒதுக்கத் தொடங்கிவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். அதனால், பள்ளிக்கூடம் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடமே இல்லை. கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் கிடையாது.

சரி, பிள்ளை பிடுங்கி எறிகிறதே? எறியத்தான் செய்யும், கைக்கு எட்டியதையெல்லாம் இழுக்கிற வயது அது. பால் குடித்து, தூங்கி எழுந்து, முகம் தெளிந்திருக்கும் நேரத்தில் மாட்டிவிட்டு, உடனே கையில் கிலுகிலுப்பையைக் கொடுங்கள். கழற்றினால் அதட்டாமல் மறுபடி மாட்டுங்கள். அழும்போது மல்லுக்கட்ட வேண்டாம். தலைக்குப் பின்னால் சுற்றிவரும் மெத்தென்ற எலாஸ்டிக் பட்டை நன்றாக உதவும். நாள்கள் பல ஆகியும் ஓயாமல் இழுத்தால், குற்றம் பிள்ளை மேல் இல்லை. மூக்கின் ஓரத்திலும் காதின் பின்புறமும் சிவந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சட்டத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் பவர் சரிதானா என்று மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். அவர் சொல்லாமல், தயவுசெய்து நீங்களாகக் கண்ணாடியை நிறுத்திவிடாதீர்கள்.