ஆறு சிலிண்டர் கெப்பின் பெற்றோல் கணக்கு

கட்டாரில் கடைகளுக்குச் சாமான் போடும் என் மச்சான், அமெரிக்காவிலிருந்து இறக்கிய 2016 டொயோட்டா டகோமா கெப் ஒன்றின் விபரம் அனுப்பியிருந்தார். 3.5 லீற்றர் வி6, நான்கு சக்கர இழுவை, ஓட்டோ கியர். கலனுக்கு நகரில் 18 மைல், நெடுஞ்சாலையில் 23, சராசரி 20. எங்களைப் போன்ற பழையவர்களுக்குக் கலன் என்றால் 4.546 லீற்றர். அமெரிக்கக் கலனோ 3.785 தான். ஆகவே லீற்றருக்கு ஏழு அல்ல, எட்டரைக் கிலோமீற்றர்.

அது கையில் கிடைக்குமா? ஆய்வுகூடத்தில் உருளைகள் மேல், சுமையின்றி ஓட்டி எடுத்த கணக்கு அது. 2008 மொடல்களிலிருந்து அதிவேகம், ஏசி, கடுங்குளிர் ஆகியவற்றையும் சேர்க்கிறார்கள். முன்னரை விடப் பரவாயில்லை. ஆனால் மச்சானின் அரிசி மூட்டைகள் அதில் இல்லை. கடைவாசலில் ஏசியோடு நிற்கும்போது மீற்றர் அசையாது, பெற்றோல் மட்டும் எரியும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. கெப்பின் உயர்ந்த முகத்துக்கு அது பெரிய அடி.

மாதம் 3000 கிலோமீற்றர் ஓடினால், எட்டரை ஏழாக இறங்கும்போது 75 லீற்றர் கூடுதலாகப் போகும். தாங்கியை வாய்வரை நிரப்பி, வழக்கமான சுமையோடு ஓடி, மீண்டும் நிரப்பிப் பாருங்கள் என்றேன். ஒரு தடவை போதாது, மூன்று தடவையாவது கூட்டி வகுக்க வேண்டும். விற்பவர் அவ்வளவு நாள் வண்டி தருவாரா என்று மச்சான் கேட்கிறார். அப்படியானால் ஏழு என்றே வைத்து விலை பேசச் சொல்லியிருக்கிறேன்.