மடலும் மழலையும்

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வலிகாமத்தில் ஒரு சிறிய வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தக் குடும்பத்தின் சொந்த இடம் மயிலிட்டி. வளையில் ஏணை கட்டியிருந்தது. ஏணைக் கயிற்றின் நுனி தாயின் காற்பெருவிரலில் இருந்தது. கால் குழந்தையை ஆட்ட, கை பனையோலைத் துண்டுகளை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்குமான வாழ்த்து மடல்கள் அவை. ஓலையில் வெட்டிய நட்சத்திரம், பொங்கற் பானை, குருவி எல்லாம் கண்ணுக்கு அழகாக இருந்தன.

ஆனால் பாடசாலை நாளில் பத்து வயது மூத்த மகளும் அருகில் இருந்து ஈர்க்கு நறுக்கிக் கொண்டிருந்தாள். “ஏன் பிள்ளை, இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?” என்றேன். “நாளைக்கு நூறு மடல் குடுக்க வேணும் சுவாமி. இண்டைக்கு மட்டுந்தான் மறிச்சனான்” என்றார் தாய். பிள்ளை தலை நிமிராமல், “மூண்டு நாள் அம்மா” என்றாள். தாயின் கை நின்றுவிட்டது.

அந்தத் தாயைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குழந்தை, கூலிவேலை, கைப்பணி ஆகிய மூன்றையும் ஒரே பெண்ணின் தலையில் வைத்துவிட்டு, “வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கிறாள்” என்று நாம் மெச்சுகிறோமே, அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஓலை எங்கள் வளவில் இருந்தது

ஓலை என்றால் பனையின் ஓலையும்தான், கடிதமும்தான். மடல் என்ற சொல்லும் அப்படியே. ஏட்டில் எழுதிய மக்கள் நாம். கடகம், பெட்டி, சுளகு, பாய், நீத்துப்பெட்டி என்று பன்னவேலை இல்லாத வீடு முன்னர் குடாநாட்டில் இருந்ததில்லை. சத்தகத்தைப் பிடிக்கப் பிள்ளைகளுக்கு எவரும் வகுப்பு வைக்கவில்லை. பேத்திமாரின் பக்கத்தில் இருந்து பழகினார்கள்.

அன்று ஓலைக்குக் காசு கொடுக்கவில்லை. அது வளவில் நின்றது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் வளவையும் பனையையும் விட்டு வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதுமே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. பலர் அங்கிருந்து வன்னிக்கும் போனார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் முகாமிலேயே வளர்ந்து தாய்மாராகினர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில்தான் மக்களிடம் திரும்பியது. காணி கிடைத்தவர்கள் பலருக்கும் வீடும் இல்லை, பழைய பனைகளும் இல்லை. ஆகவே இன்று நம்மில் அநேகர் ஓலையைக் காசு கொடுத்து வாங்கிக் கைப்பணி செய்கிறோம். இதை மறந்து போடும் கணக்கு பிழையான கணக்கு.

வீட்டு வேலை ஓய்வு வேலையா?

கடையிலோ காரியாலயத்திலோ வேலை செய்யும் தாய்க்குச் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2018 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்பின், எத்தனையாவது பிள்ளையாயினும், அவருக்குச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் மகப்பேற்று விடுமுறை உண்டு. வீட்டில் இருந்து மடல் செய்பவருக்கோ, வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்குபவருக்கோ அந்த விடுமுறையை யார் கொடுப்பார்?

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. இந்தியாவின் அகமதாபாத் நகரில் 1972 இல் இலா பட் அம்மையார் ‘சேவா’ சங்கத்தைத் தொடங்கினார். வீட்டில் இருந்து பீடி சுற்றும், உடுப்புத் தைக்கும் பெண்களும் தொழிலாளரே என்று அச்சங்கம் விடாமல் வாதாடியது. இத்தகைய முயற்சிகளின் பலனாக, 1996 இல் சர்வதேச தொழில் தாபனம் வீட்டுத் தொழில் பற்றிய 177 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வீட்டில் செய்தாலும் வேலை வேலைதான் என்பதே அதன் சாரம். உலகம் ஒப்புக்கொண்டதை முதலில் எங்கள் வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விட்டுவிட்டுச் செய்பவையும் விடமுடியாதவையும்

முதல் ஆறு மாதமும் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்பதைக் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லி நாம் அறிவோம். புதிதாய்ப் பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். அப்படியானால் தாய்க்கு இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து கிடைப்பதே அரிது. வேலையைக் குழந்தையின் நேரத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ள வேண்டுமே தவிர, குழந்தையை வேலைக்கு ஏற்ப வெட்ட முடியாது.

அட்டை மடித்தல், வெட்டிய துண்டுகளை ஒட்டுதல், உறையில் இடுதல் என்பன இடையில் விட்டெழக்கூடியவை. இவற்றைக் குழந்தை உறங்கும்போது வீட்டில் செய்யலாம். ஓலை வார்தல், சாயம் காய்ச்சுதல் என்பன அப்படியல்ல. கொதிக்கும் சாயத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் பால் கொடுக்கப் போக முடியாது. ஓலையை வெளுக்கக் கந்தகப் புகை பிடிப்போரும் உண்டு. அந்தப் புகை குழந்தையின் சுவாசத்துக்குக் கேடு. அதை வீட்டுக்குள் செய்யவே கூடாது. இத்தகைய வேலைகளுக்கு வேறொரு இடமும் வேறொருவர் கையும் வேண்டும்.

குழந்தை தவழத் தொடங்கியதும் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சத்தகம், கத்தரிக்கோல், பசை, சாயத்தூள் எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். எழும்பும்போது நிலத்தைக் கூட்டிவிட்டு எழும்புங்கள். ஓர் ஈர்க்குத் துண்டு தொண்டையில் சிக்கினால் எந்த மடலின் விலையும் அதற்கு ஈடாகாது.

காலத்தையும் பாருங்கள். மடல்களுக்குக் கேள்வி வருவது மார்கழியிலும் தையிலும். மாரி மழையும் தோட்ட வேலையும் அதே நாட்களில்தான். ஈரக் காற்றில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும். எனவே ஆனி, ஆடி வெயிலில் ஓலையைக் காயவைத்து, வார்ந்து, சாயமிட்டு, உலர்ந்த இடத்தில் கட்டி வைத்தால் மாரியில் ஒட்டும் வேலை மட்டுமே மிஞ்சும். ஒரே மரத்தின் குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டாதீர்கள். மரம் மெலிந்தால் அடுத்த வருடம் ஓலையும் இல்லை.

கூலியைக் கணக்கிடுங்கள்

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு மடலுக்கு ஓலை, அட்டை, உறை, பசை, சாயம் எல்லாமாக 40 ரூபா என்று வைப்போம். பத்து மடல் செய்ய ஐந்து மணித்தியாலம். வீட்டு வாசலில் வியாபாரி 80 ரூபாவுக்கு எடுத்தால் மிஞ்சுவது 400 ரூபா, மணித்தியாலத்துக்கு 80. நீங்களே பட்டணத்தில் 150 ரூபாவுக்கு விற்றால் 1100 ரூபா மிஞ்சும். ஆனால் அதில் பஸ் காசு 200 ரூபா போக, விற்கும் நேரம் இரண்டு மணித்தியாலத்தையும் சேர்த்தால், மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 128 ரூபாதான். நான்கு தாய்மாரின் நாற்பது மடல்களையும் ஒருவர் கொண்டுபோய் விற்று, செலவையும் நேரத்தையும் பங்கிட்டால், ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 190 ரூபா கிடைக்கும். கை வேகம் கூடவில்லை, கண்விழிப்பும் கூடவில்லை. கூடி விற்றதால் வந்த வித்தியாசம் இது.

நாலு தாய்மார் சேர்ந்தால்

1971 போரின் பின் பங்களாதேசில் நிர்க்கதியான கிராமத்துப் பெண்களுக்காக, திருச்சபையின் நிவாரணப் பணியில் இருந்து 1973 இல் ‘யூட் வேர்க்ஸ்’ என்ற நிறுவனம் பிறந்தது. வீட்டில் சட்டி தூக்கும் சணல் உறியையே அப்பெண்கள் பின்னி, குழுக்களாகச் சேர்ந்து வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பினார்கள். பொருள் புதியதல்ல, சேர்ந்து நின்றதே புதியது.

எங்களிடம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கின்றன. கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையமும், 1978 இல் உருவான பனை அபிவிருத்திச் சபையும் இருக்கின்றன. நான்கு தாய்மார் ஒரு முறை வைத்தால், வாரத்தில் ஒரு நாள் ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க, மற்ற மூவரும் சாயமும் வார்தலும் முடிக்கலாம். பால்குடிப் பிள்ளை அழுதால் தாய் அடுத்த வளவில்தானே இருப்பார். ‘நூறு மடல் வேண்டும்’ என்று ஒருவர் கேட்டால், ‘நாற்பது தருவோம், மிச்சம் அடுத்த கிழமை’ என்று சொல்லும் துணிவும் குழுவுக்கு வரும்.

தந்தையர்க்கும் ஒரு வார்த்தை. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும், பிள்ளையின் துணி அலசுவதும், பின்னேரம் ஏணையை ஆட்டுவதும் ஆண்மைக்குக் குறைவல்ல. மடலில் வரும் காசில் உங்களுக்கும் பங்கு உண்டென்றால், அதன் பாரத்திலும் பங்கு உண்டு.

மடல் காணிக்கு மாற்றல்ல. இழந்த மண்ணைக் கேட்கும் குரலை நாம் தாழ்த்தக் கூடாது. ஆனால் மண் வரும்வரை வீட்டுக்கு வரும் இந்தச் சிறு காசு, பிள்ளையின் பாலையும் படிப்பையும் விலையாகக் கொண்டு வரக் கூடாது.

அந்தத் தாய் அன்று பின்னேரமே மகளின் பாடசாலைப் பையைத் துடைத்து எடுத்து வைத்தார். மறுநாள் அறுபத்திரண்டு மடல்களே கொடுக்க முடிந்தது. வாங்கியவர் முகம் சுளித்தாராம், ஆனாலும் எடுத்துக்கொண்டாராம். பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: எங்கள் ஊரில் மடலுக்காக, பெட்டிக்காக, கூலிக்காக மறிக்கப்பட்ட பிள்ளை எத்தனை பேர்? அவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.